அடுக்குமாடி வீட்டிற்கு ஏற்ற நாய் எது?



அடுக்குமாடி வீட்டிற்கு ஏற்ற நாய் எது என்ற கேள்வி இப்போது நம் குடும்பங்களிலும் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பக் வாங்கலாமா, ஷிட்ஸு வாங்கலாமா என்று பிள்ளைகள் கேட்கின்றனர். பெற்றோர் விலை விசாரிக்கின்றனர். வீட்டிற்கு நாய் எதற்கு என்று கேட்பவர்தாம் எவருமில்லை.

ஒலக்கூர், திண்டிவனம் பகுதிகளிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், "ஊரில் நாம் நாய் வளர்க்கவில்லையா?" என்ற வாதம் எளிதில் எழுகிறது. வளர்த்தோம். அது ஆட்டுப்பட்டிக்கும் வேர்க்கடலை நிலத்திற்கும் காவல் இருந்தது, களத்துமேட்டில் படுத்தது, வீட்டின் நடுக்கூடத்திற்கு வந்ததில்லை. கால்நடைக்காகவும் விவசாயத்திற்காகவும் வேட்டைக்காகவும் அன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இரண்டு கீராத் என்றும் அறிவிப்பு உண்டு. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. நம் பாட்டனார்கள் அந்த விலக்கிற்குள் நின்றே நாய் வளர்த்தனர். வாயிலில் காவலாளியும் படிக்கட்டில் கேமராவும் உள்ள நான்காம் மாடியில் எந்தப் பட்டியைக் காக்கப் போகிறோம்? வேட்டை என்றும் சொல்ல இயலாது. முயல் வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே தடுத்துவிட்டது.

குகைவாசிகளின் நாயைச் சான்றுக்கு அழைப்போர் உளர். கஹ்ஃபு அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தை அவர்கள் நிதானமாக ஓதிப் பார்க்கட்டும். அந்த நாய் முன்னங்கால்களை விரித்து வாசலில் கிடந்ததாகவே அல்லாஹ் கூறுகின்றான். அதற்கு மாறாக, நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் கட்டிலுக்கடியில் ஒரு நாய்க்குட்டி இருந்தமையால் ஜிப்ரீல் (அலை) அவர்கள் உள்ளே வரவில்லை என்ற செய்தி முஸ்லிமில் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் கட்டிலடியைத் தவிர நாய்க்கு வேறு இடம் ஏது?

மாலிக்கி மத்ஹபில் நாய் தூய்மையானதே என்று வேறு சிலர் கூறுவர். உண்மை. ஆயினும் கீராத் பற்றிய எச்சரிக்கையைத் தம் முவத்தா நூலில் பதிவு செய்தவரும் அதே இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள்தாம். தூய்மை வேறு, தேவையின்றி வளர்ப்பது வேறு. நம்மிடையே பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிலோ நாயின் எச்சில் நஜீஸ். இரண்டு அறை வீட்டில் அது நக்காத தரையைத் தொழுகைக்காகத் தேடுவதை எண்ணிப் பாருங்கள்.

மார்க்கச் சட்டத்தைச் சற்றே ஒதுக்கி வைத்தாலும், அந்த உயிருக்கு இழைக்கப்படும் அநீதி மிஞ்சுகிறது. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடிய பக் நாயைக் கண்டு நாடே மயங்கியது. நசுங்கிய முகம் கொண்ட அந்த இனம் நம் வெயிலில் மூச்சுவிடவே திணறும். ஹஸ்கி பனிநிலத்தில் சறுக்குவண்டி இழுக்கப் பிறந்தது. அதன் அடர்ந்த இரட்டை உரோமத்தைச் சென்னையின் மே மாதத்தில் நினைத்தாலே நமக்கு வியர்க்கிறது. நாட்டு நாயே மேல் என்று சிப்பிப்பாறையையும் கன்னியையும் வாங்குகின்றனர். அவை வெட்டவெளியில் முயலைத் துரத்தி ஓடும் இனங்கள். பால்கனிக் கம்பியில் அவற்றைக் கட்டிவைப்பது சிறை. அடுக்குமாடிச் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடைசெய்யக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டியிருக்கிறது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் அந்த உயிருக்குப் பொருந்திவிடுமா?

நாய் நஜீஸ் என்பதையே காரணமாக்கித் தெருநாயைக் கல்லால் அடிப்போரும் சோற்றில் விஷம் வைப்போரும் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். இவர்கள் முன்னவரினும் கொடியவர். தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் மொண்டு கொடுத்த விலைமகளை அல்லாஹ் மன்னித்தான் என்று மிம்பரில் கேட்டுவிட்டு வந்து கல்லெடுப்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, ஒரு முறை மண்ணிட்டுக் கழுவச் சொன்ன மார்க்கம் அந்த நாயை வதைக்கச் சொல்லவில்லை. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

பார்வையற்றவரின் வழிகாட்டி நாயை நான் இங்கே குறிப்பிடவில்லை, அது தேவை. உயிரொன்றைப் பேணிப் பழக வேண்டும் என்று பிள்ளை ஏங்கினால் பூனை இருக்கிறது. அது நஜீஸ் அன்று, உங்களைச் சுற்றிவரும் உயிர்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்களே சொன்னார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், இதைப் படித்ததும் இரவோடிரவாகத் திருச்சி நெடுஞ்சாலையோரம் அதை இறக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, ஆடோ நிலமோ வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் அவர் சம்மதத்துடன் ஒப்படையுங்கள். பக்கும் ஹஸ்கியும் பட்டிக்கு உதவா. அவற்றை ஏற்பார் கிடைக்கத் தாமதமாகலாம். அதுவரை அதன் தீனியும் நீரும் காலை மாலை நடையும் உங்கள் பொறுப்பு.