சங்கம்னா சிரிப்பு, உழைப்புன்னா ஒப்பாரி

தமிழ் சினிமாவுக்கு உழைப்பாளியைக் காட்ட இரண்டே வழிதான் தெரியும். தனியாக நின்றால் அழவைப்பது. கூட்டமாகச் சேர்ந்தால் கிண்டலடிப்பது.

முதலாவதற்கு பாலாவின் ‘பரதேசி’ (2013). ஊரில் இருக்கும்வரை அதர்வாவின் தண்டோராக்காரன் நம்மைச் சிரிக்க வைக்கிறான். தேயிலை எஸ்டேட்டுக்குள் கால் வைத்ததும் சிரிப்பு செத்துப்போகிறது. படம் கதறலோடு முடிகிறது. இரண்டாவதற்கு ‘வின்னர்’ (2003), கைப்புள்ளயின் வருத்தப்படாத வாலிபர் சங்கம். இன்னைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வரும். ஆனா ‘சங்கம்’ங்கிற சொல்லைக் கேட்டதும் நம்ம தலைமுறைக்கு வடிவேலு முகம் மட்டும்தானே ஞாபகம் வருது?

“கூலி வாழ்க்கையே கொடுமை, அதுல என்ன காமெடி?” என்பார்கள். பிரேசில் இதற்கு 1960களிலேயே பதில் சொல்லிவிட்டது. 1908இல் ‘கசாட்டோ மாரு’ கப்பலில் காபித் தோட்ட வேலைக்குப் போய் இறங்கிய ஜப்பானியர் கதை, நம் தோட்டத் தமிழர் கதைக்குப் பங்காளி. அந்த ஜப்பானிய விவசாயிகளை வைத்து, பட்டிக்காட்டான் வேஷத்துக்குப் பேர்போன நகைச்சுவை நடிகர் மஸ்ஸரோப்பி ஒரு படம் எடுத்தார். தங்களைச் சுரண்டும் இடைத்தரகனுக்கு எதிராக அவர்களும் அவரும் கூட்டுறவு சங்கம் அமைக்கிறார்கள். அங்கே கோமாளி உண்டு. சங்கம் கோமாளித்தனம் இல்லை.

நம்மிடம் ‘மண்டேலா’ (2021) கிட்டே வந்தது. அதிலும் ஆயுதம் ஒத்தை ஆளின் ஒத்தை ஓட்டுதான்.

எங்க ஆத்தூர் பக்கம் விடியுமுன்னே பூப்பறிக்கப் போகிற அக்காக்களோடு கொஞ்சம் நின்று பாருங்கள். கமிஷன் மண்டிக்காரருக்கு ஒரு பட்டப்பெயர், அவர் தராசுக்கு இன்னொன்று. ஐடி கம்பெனியில் மேனேஜர் இல்லாத வாட்ஸப் குரூப்பில் ஓடும் மீம்களும் இதே சரக்குதான். பட்டப்பெயர் வைத்ததுமே பாதி பயம் போய்விடும். பத்துப் பேர் அதைச் சொல்லிச் சிரிக்கும்போது, ‘எனக்கு மட்டும்தான் இப்படியா?’ என்ற சந்தேகமும் போய்விடும். சங்கம் அங்கேதான் முளைக்கிறது. நம் இயக்குநர்கள் அந்தச் சிரிப்பை வெட்டிவிட்டுக் கண்ணீரை மட்டும் படம் பிடிக்கிறார்கள்.

கண்ணீர் வசதியானது. தியேட்டரில் நாலு சொட்டு விட்டால் நம் கடமை முடிந்தது. அழுபவனுக்காக நாம் இரக்கப்படலாம். சிரிப்பவனோடு சேர்ந்துதான் சிரிக்க முடியும். அதற்கு அவன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

ஒரு மண்டி, ஒரு பொய்த் தராசு, வாயாடி அக்காக்கள் பத்துப் பேர். கதை ரெடி. எடுக்க யாருக்குத் தைரியம் இருக்கு?