வால்வுக்குக் கட்டிய கோயில்

வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் இனிமை, டிரான்சிஸ்டர் என்றால் வறட்சி. ஆடியோ பிரியர்கள் கூடும் இடத்திலெல்லாம் பல வருடமாக இதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எது வால்வு, எது டிரான்சிஸ்டர் என்று தெரியாத நிலையில் கேட்டுப் பார்த்துச் சொல்கிறார்களா என்றால், அதுவும் இல்லை.

முதல் குற்றச்சாட்டு, டிரான்சிஸ்டர் ஒலியில் ஒரு கரகரப்பு உண்டு என்பது. அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமக்கும் சர்க்யூட்டில், சிலிக்கான் டிரான்சிஸ்டர் வேலை செய்யத் தொடங்க அதன் பேஸ் முனையில் சுமார் 0.6 வோல்ட் வேண்டும். அந்தத் தொடக்க வோல்ட்டை முன்கூட்டியே தரும் பயாஸ் போதாவிட்டால், அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் இரண்டுமே அணைந்து கிடக்கும். ஆஸிலாஸ்கோப்பில் அந்த இடத்தில் ஒரு சின்னப் படி தெரியும். வால்யூம் குறைவாக இருக்கும்போது அதுதான் காதை உறுத்தும். பயாஸை செட் செய்யும் பிரீசெட்டை மெல்லத் திருப்பினால் படி கரைந்துவிடும். பயாஸ் டிரான்சிஸ்டரை ஹீட் சிங்கிலேயே பொருத்தினால், சூடேறினாலும் பயாஸ் நிலைத்து நிற்கும். சரியாக செட் செய்யாதவரின் குற்றத்தை டிரான்சிஸ்டர் தலையில் கட்டுவது நியாயமில்லை. 1969இல் ஜான் லின்ஸ்லி ஹுட் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட 10 வாட் கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயரில் மொத்தமே நான்கு டிரான்சிஸ்டர்கள்தான். கிளாஸ் ஏயில் டிரான்சிஸ்டர் அணைவதே இல்லை என்பதால், அதில் இந்தப் படிக்கே இடமில்லை.

அடுத்தது, வால்வு தரும் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள்தான் இனிமைக்குக் காரணம் என்பது. புஷ்-புல் வால்வு சர்க்யூட்டில் அவை பெரும்பாலும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன.

மூன்றாவது, ஓவர்லோடில் வால்வு மென்மையாகப் பிசிறும் என்பது. தேவையான வாட் இருந்தால் பிசிறவே பிசிறாது.

கடைசியாக, வால்வுக்கே உரியதாம் அந்த 'வார்ம்' சவுண்ட். மொத்த வாதமும் சரிந்து விழும் இடம் இதுதான். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. பேஸ் பகுதியில் அது பல மடங்கு ஏறும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியே வரும் வால்வு ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் பொதுவாக அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் ஓம் ஏறும் இடத்தில் ஒலியும் ஏறும். பேஸ் தடித்துக் கேட்கும். பதிவில் இல்லாத தடிப்பு அது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் பொதுவாக மிகக் குறைவு. பதிவில் இருப்பதை அப்படியே தரும்.

வேண்டுமானால் அந்தத் தடிப்பையும் டிரான்சிஸ்டரிலேயே கொண்டுவரலாம். 1985இல் பாப் கார்வர் அதைச் செய்து காட்டினார். 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயருக்கும் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்தார். இரண்டின் அவுட்புட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுத்து, அது சுமார் 70 டெசிபல் அடங்கும்வரை தன் சர்க்யூட்டைத் திருத்தினார். பிறகு அந்தப் பத்திரிகைக்காரர்களே கேட்டார்கள். இரண்டையும் பிரித்தறிய அவர்களால் முடியவில்லை. காலமெல்லாம் நுணுக்கமாகக் கேட்டுப் பழகிய காதுகள் அவை.

சர்க்யூட், பயாஸ், பவர் சப்ளை, ஹீட் சிங்க். ஆம்ப்ளிஃபயரை எடைபோட இவற்றைப் பாருங்கள். உள்ளே ஒளிர்வது என்ன என்ற கேள்வி அதற்கப்புறம் வரட்டும்.