வெளியூர்க் கணக்கும் முழுக்கணக்கு அல்ல

1947 வாக்கில் நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோவையும் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸையும் மாற்றிக்கொள்ள இரு அணிகளின் முதலாளிகளும் ஓர் இரவு வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டார்கள், விடிந்ததும் கைவிட்டார்கள் என்று அமெரிக்க பேஸ்பால் உலகில் இன்றும் சொல்வார்கள். பேச்சு எப்படி நடந்திருந்தாலும் அதற்குள் இருந்த கணக்கு சரியானது. வலக்கை ஆட்டக்காரரான டிமாஜியோ பந்தை ஓங்கி அடிக்கும் இடப்புற நடுப்பகுதியில், அன்றைய யாங்கீ ஸ்டேடியத்தின் வேலி 450 அடிக்கும் அப்பால் இருந்தது. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கச் சுவர் 37 அடி உயரம்தான், ஆனால் ஓரத்தில் சுமார் 310 அடி தூரத்திலேயே நிற்கிறது. இடக்கை வில்லியம்ஸுக்கு நியூயார்க்கின் வலப்பக்க மூலை 300 அடிகூட இல்லை. டிமாஜியோ அடித்த 361 ஹோம் ரன்களில் (பெரும்பாலும் வேலி தாண்டிப் பறக்கும் அடிகள்) சொந்த மைதானத்தில் வந்தவை 148, வெளியூர்களில் 213. உலகமே கொண்டாடிய அந்த மனிதரிடமிருந்து அவருடைய வீடே ஒவ்வோர் ஆண்டும் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தது.

கிரிக்கெட்டில் ஆடுகளத்தின் தன்மையைப் பேசிப் பழகியவர்களுக்கு இது புரியும். பேஸ்பாலில் பந்து தரையில் பட்டு எழும்ப வேண்டியதில்லை. அங்கே வித்தியாசம் செய்வது வேலியின் தூரம், சுவரின் உயரம், காற்று. பந்தெறியும் பிட்சருக்கும் மட்டைக்கும் இடையே 60 அடி 6 அங்குலம், தளத்துக்குத் தளம் 90 அடி என்பவை எங்கும் மாறாது. வேலிகள் ஊருக்கு ஊர் வேறு. 162 ஆட்டங்களில் 81 சொந்த ஊரில் நடப்பதால், ஒரு வீரரை வேறு அணிக்குக் கொடுப்பது அவருடைய உழைப்பில் பாதியை வேறு மண்ணில் நடுவதற்குச் சமம். இன்று இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலர் கைக்கொள்ளும் மருந்து, சொந்த ஊர்க் கணக்கைக் கிழித்துப்போட்டுவிட்டு வெளியூர்க் கணக்கை மட்டுமே அசல் திறமையாக எடுத்துக்கொள்வது. இதுவும் தவறு என்பதே என் வாதம்.

டென்வர் நகரின் கூர்ஸ் ஃபீல்டைப் பார்ப்போம். 1995இல் திறந்த இந்த மைதானம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் பறக்கும். அதைச் சமாளிக்க வேலியைத் தள்ளிப் போட்டார்கள். விளைவாக நடுவே பந்து விழும் வெற்றிடம் பெருகி, ஹோம் ரன் ஆகாத அடிகளும் ஹிட் ஆயின, அதாவது அடித்தவரைப் பத்திரமாகத் தளம் சேர்த்தன. 2002 முதல் பந்துகளை ஈரப்பதமான அறையில் வைத்து எடுக்கிறார்கள். சற்றே குறைந்தது, தீரவில்லை. அதிகம் பேசப்படாத மறுபக்கம் ஒன்று உண்டு. பந்தை வளைப்பது காற்றுதான். மெலிந்த காற்றில் அது குறைவாக வளையும். அங்கே பாதி நாட்கள் ஆடிக் கண் பழகிய கொலராடோ ராக்கீஸ் வீரர், கீழே வந்ததும் அதே பந்து கூர்மையாக வளைந்து இறங்குவதைப் பார்க்கிறார். கை தடுமாறுகிறது. வாரத்துக்கு வாரம் மலையேறி இறங்கும் இந்தத் தண்டனை வேறு எந்த அணிக்கும் இல்லை. ஆகவே அவர்களுடைய வெளியூர்க் கணக்கிலும் டென்வர் ஒளிந்திருக்கிறது. சொந்த ஊர் எண் வீங்கியது என்றால், வெளியூர் எண் வாடியது.

2008 நவம்பரில் ராக்கீஸ் அணி மேட் ஹாலிடேயை ஓக்லாந்துக்குக் கொடுத்தது. டென்வரை விட்டால் இவர் சாதாரணம்தான் என்ற பேச்சு கூடவே போனது. ஓக்லாந்தில் 93 ஆட்டங்களில் 0.286 சராசரி (மட்டை பிடித்த முறைகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு), 11 ஹோம் ரன், ஐயப்பட்டவர்கள் தலையசைத்தார்கள். அடுத்த ஜூலையில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரை வாங்கியது. எஞ்சிய 63 ஆட்டங்களில் 0.353. அங்கே எட்டு பருவங்களில் அவர் சராசரி 0.293. ஓக்லாந்துடனான அந்த 2008 பரிமாற்றத்தில் எதிர்த்திசையில் டென்வருக்கு வந்தவர் கார்லோஸ் கொன்ஸாலஸ். 2010இல் 0.336 எடுத்து லீக்கின் முதலிடம் பெற்றார். சொந்த ஊரில் 0.380, வெளியில் 0.289. மைதானம் கொடுத்ததை மறுக்கவே முடியாது. ஆனால் அதை விட்டுப் போனவர் விழுந்துவிடவில்லை என்பதும் அதே ஏட்டில்தான் எழுதியிருக்கிறது.

ராக்கீஸின் நோலன் அரெனாடோ 2021இல் செயின்ட் லூயிஸ் போய் முதல் ஆண்டு 0.255 தான் எடுத்தார், கொலராடோ நாட்களின் வெளியூர்ச் சராசரியான 0.263ஐ அது ஒத்திருக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஆண்டே 34 ஹோம் ரன் அடித்தார், 2022இல் 0.293 எடுத்து சிறந்த வீரர் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றார். கண் பழக ஓராண்டு பிடித்தது என்றுதான் நான் படிக்கிறேன். பிறகு அவர் ஆட்டம் இறங்கியதும் உண்மை. முப்பதைத் தாண்டியவருக்கு அதில் வயதின் பங்கையும் பார்க்க வேண்டும். ஒருவரை வைத்து விதி எழுத முடியாது.

வெளியூர்க் கணக்கை இரண்டால் பெருக்கும் பழக்கம் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். சான் டியேகோவின் பெட்கோ பார்க் அடிப்பவர்களுக்கு ஆகாத இடமாக இருந்த காலத்தில், 2009இல் இடக்கை ஏட்ரியன் கொன்ஸாலஸ் 40 ஹோம் ரன் அடித்தார்: வீட்டில் 12, வெளியில் 28. பாஸ்டனுக்குப் போனால் ஐம்பதைத் தாண்டுவார் என்று அந்த எண் ஆசை காட்டியது. 2011இல் அங்கே அவர் அடித்தது 27. அதற்கு முன் தோள் அறுவை சிகிச்சை செய்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் சராசரி 0.338, இரட்டை அடிகள் 45! எதிர்ப்பக்கம் தூக்கி அடிக்கும் அவருடைய கைக்கு அந்த உயரச் சுவர் வேறு விதமாக உதவியது. மைதானம் எண்ணைக் கூட்டிக் குறைப்பதோடு நிற்பதில்லை, ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றுகிறது. அவரைக் கொடுத்து சான் டியேகோ பெற்ற இளைஞர்களில் ஒருவர் ஆந்தனி ரிஸோ. முதல் பருவத்தில் 49 ஆட்டங்களில் 0.141, உடனே சிகாகோ கப்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தனை குறைந்த ஆட்டங்களை வைத்து 22 வயதே ஆன ஒருவரைத் தீர்மானித்தது அவசரம். 2016இல் கப்ஸ் 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்தபோது கடைசிப் பந்தைப் பிடித்தவர் அவர்தான்.

ராக்கீஸ் வீரர் லேரி வாக்கருக்கு நடந்ததுதான் என்னை அதிகம் வருத்துகிறது. 1997இல் அவர் அடித்த 49 ஹோம் ரன்களில் 29 வெளியூர்களில் வந்தவை. வெளியூர்ச் சராசரி 0.346. இருந்தும் டென்வர் என்ற ஒரே சொல்லால் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமின் வாக்காளர்கள் பலர் அவரைத் தள்ளிவைத்தார்கள். 2014இல் அவருக்குக் கிடைத்தது 10.2 சதவீதம். பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், 2020இல், 76.6 சதவீதத்தோடு உள்ளே போனார். தேவையான 75ஐ மயிரிழையில் தாண்டி.