கொடுவாவுக்கு மேல் அளவு வேண்டும்

2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த தனிப்பொருளாதார மண்டல மீன்பிடி விதிகளில் எல்.இ.டி. விளக்குக்கும் இரட்டை மடிக்கும் விழுந்த தடையை எல்லோரும் பேசிவிட்டார்கள். தூண்டில்காரர்களுக்கு முக்கியமானது வேறொன்று. மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கப்படும் என்கிறது அந்த விதி. வரவேற்கிறோம். ஆனால் அது செல்லுபடியாவது கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால். நம் கொடுவா இருப்பது முட்டுக்காட்டுப் பாலத்தடியிலும், கோவளம் முகத்துவாரத்திலும், சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே பாலாறு கடல் சேரும் இடத்திலும். அங்கே விதி எழுத வேண்டியது மாநில அரசு.

எழுதும்போது கீழ் அளவோடு நிறுத்திவிடக் கூடாது. கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். ஒரு மீட்டர் மீன் என்றால் பெண் என்றே கொள்ளலாம். சிறியதை விடு, பெரியதை எடு என்ற விதி மட்டும் இருந்தால், பெண்ணையெல்லாம் எடுத்துக்கொள் என்று அரசே சொன்னதாகிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கிழக்குக் கரையில் இதே மீனை 58 செ.மீ.க்குக் கீழும் எடுக்க முடியாது, 120 செ.மீ.க்கு மேலும் எடுக்க முடியாது.

இதை நாம் புதிதாகக் கேட்கவில்லை. முட்டுக்காட்டில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையம் 1997-லேயே கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்தது. ஒரு தாய்மீனைப் பேணி வளர்க்க எத்தனை ஆண்டு உழைப்பு, எவ்வளவு தீனி! அதே தாய்மீன் கூப்பிடு தூரத்தில், மழைக்குத் திறந்த முகத்துவாரத்தில், சினையோடு கரையேறுகிறது, கேட்க ஆளில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளை நிறுத்தத் தெரிந்த துறைக்குக் கழிமுகம் கண்ணில் படவில்லை. கேரளம் 2015-லேயே குறைந்தபட்ச அளவுகளை வகுத்துவிட்டது. நமக்கு இன்னும் எத்தனை கூட்டம், எத்தனை மனு வேண்டும்?

துறை எழுதும்வரை நம் கை சும்மா இருக்க வேண்டியதில்லை. பெரிய கொடுவாவைக் காயமின்றித் திருப்பி விடுவது நம் பொறுப்பு; தூண்டிலில் சாஃப்ட் பிளாஸ்டிக்கைச் சரியாகக் கோர்ப்பதிலேயே அதில் பாதி வேலை முடிந்துவிடும். ஜிக் ஹெட்டை ரப்பர் மீனின் பக்கத்தில் வைத்து, வளைவு விழும் இடத்தை முதுகில் நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். மூக்கின் நடுவில் குத்தி, அந்தக் கீறலிலேயே நடுக்கோட்டில் வெளியே எடுங்கள். கொஞ்சம் விலகினாலும் உடல் கூனி, இழுக்கும்போது சுழன்று, லீடரை முறுக்கும். மட்டி படர்ந்த பாறையில் ஆஃப்செட் கொக்கி கட்டி, முனையை முதுகுத் தோலுக்குள் புதைப்பதே சரி.

வயிற்றுக்கடியில் கூடுதலாக ட்ரெபிள் தொங்கவிடும் பழக்கம் பரவுகிறது. வேண்டாம். கொடுவா இரையைத் தண்ணீரோடு உறிஞ்சும். மூன்று முனையும் உள்ளே போனால் ஒன்று செவுளைக் கிழிக்கும். கோவளத்தில் அப்படிக் கிழிந்த பெரிய மீன் ஒன்றை நண்பர்கள் தண்ணீரில் விட்டார்கள். வயிறு மேலாகத் திரும்பி, ரத்தம் கசிய, வற்றத்தோடு கடலுக்குப் போனது. அதை விட்டதாகக் கணக்கெழுத முடியாது.

ஒற்றைக் கொக்கி பெரும்பாலும் வாயோரத்தில் நிற்கும். அதன் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். ரப்பர் நழுவாமலிருக்க ஜிக் ஹெட்டின் கழுத்தில் ஒரு சொட்டு ஃபெவிகுவிக் போதும். பேத்தை கடித்துக் குதறிய வால்களைப் பாறையில் எறியாமல் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், அவை மக்காது.

ஒரு மீட்டருக்கு மேற்பட்ட கொடுவாவைக் கரையில் தூக்கிப் பிடித்த படம் அடுத்த இதழிலிருந்து இங்கே வராது. தண்ணீரிலேயே வைத்து எடுத்த படத்தை அனுப்புங்கள், போடுகிறோம்.