மலையேறாமல் நின்றவர்

வத்தலக்குண்டிலிருந்து போகும் பஸ், காட்ரோடு வந்ததும் வலது பக்கம் திரும்பி மலையேறும். கொடைக்கானல் போகிறவர்களின் கண்ணெல்லாம் மேலே பனிமூட்டத்தில்தான் இருக்கும். திரும்பாமல் பெரியகுளம் சாலையில் நேராகப் போனால், பழனி மலையின் அடிவாரத்தில் ஜி.கல்லுப்பட்டி. வேல்ஸ் நாட்டில் 1925-ல் பிறந்த ஒருவர் தன் கடைசி நாள்வரை வாழ்ந்தது இங்கேதான்.

அவர் பெயர் ஜேம்ஸ் கிம்ப்டன். வெள்ளை அங்கியைப் பார்த்துப் பாதிரியார் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் தெ லசால் சபையின் 'பிரதர்'. பூசை வைப்பது இவர்களின் வேலை அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதற்காகவே 17-ம் நூற்றாண்டில் பிரான்ஸில் தொடங்கிய சபை அது.

1952-ல் இலங்கைக்கு வந்தார் கிம்ப்டன். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே ஆதரவற்ற சிறுவர்களுக்காக உழைத்தார். 1964-ல் வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற வேண்டிய சூழ்நிலை. இன்னொருவராக இருந்தால் ஊருக்கே கப்பல் ஏறியிருப்பார். அவர் கடல் தாண்டி மதுரைப் பக்கம் வந்தார். 1974-ல் 'ரீச்சிங் த அன்ரீச்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். யாரும் எட்டிப் பார்க்காதவர்களை எட்டிப் பிடிப்பது என்று பொருள். தேனி மாவட்டம் பிறக்காத காலம் அது. ஜி.கல்லுப்பட்டி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது.

பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு விடுதி கட்டுவதுதான் வழக்கம். நீளமான கூடம், வரிசையாகப் பாய், மணியடித்தால் சாப்பாடு. பிள்ளைக்கு வயிறு நிறையும். ஆனால், ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவது?

ஜி.கல்லுப்பட்டியில் விடுதிக்குப் பதில் வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அம்மா, சில பிள்ளைகள், தனி அடுப்பு. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் எனப் போக்கிடம் இல்லாத பெண்கள் அம்மாக்களாக வந்தார்கள். தாய் இல்லாத பிள்ளைக்கும், நிழல் இல்லாத பெண்ணுக்கும் ஒரே கூரை. ஆஸ்திரியாவில் 1949-ல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்களும் இதே வழியில் நடப்பவைதான்.

வேலை அந்த வளாகத்தோடு நிற்கவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் குடிசைகள் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டித் தரப்பட்டன. தண்ணீருக்கு அலைந்த ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டன. பள்ளிக்கூடம், மருத்துவ உதவி என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளைச் சொந்தக்காரர்களே தொடத் தயங்கிய நாட்களில், அவர்களுக்கும் இங்கே இடம் கிடைத்தது.

தண்ணீரும் கூரையும் இருந்தால் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போக முடியும். குடம் சுமக்கும் காலை நேரம் அவளுக்கு மிச்சமாகும். அதனால்தான், பார்க்கச் சம்பந்தம் இல்லாத கிணறும் பள்ளிக்கூடமும் இங்கே ஒரே வேலையாக நடந்தன.

2017 அக்டோபர் 5-ம் தேதி, 92 வயதில் பிரதர் ஜேம்ஸ் காலமானார். பிறந்த ஊருக்கு அவரை யாரும் கொண்டுபோகவில்லை. ஜி.கல்லுப்பட்டி மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். அவர் தொடங்கிய பணி இன்றும் நடக்கிறது.

அடுத்த முறை கொடைக்கானல் போகும்போது, காட்ரோட்டில் பஸ் திரும்பும் நேரத்தில் ஒரு நிமிடம் எதிரே நீளும் சாலையையும் பாருங்கள். அங்கே சில வீடுகளில் இந்நேரம் உலை கொதித்துக்கொண்டிருக்கும்.