சிரிக்கவைப்பவரின் ஒத்திகையும் எமது பொன்னாடைகளும்

தனியொருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சிரிக்கவைப்பது வாய்க்கு வந்ததைப் பேசும் வித்தை, இலக்கியக்காரர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று எம்மவர் பலர் கூறிவருகின்றனர். இதை நான் அடியோடு மறுக்கிறேன்.

1947இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ கலைவிழாவுக்கு, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து மேடையேறின. அதிலிருந்து பிறந்ததே 'ஃப்ரிஞ்ச்' விழா. இன்றும் அதற்குத் தெரிவுக்குழு கிடையாது. இடம் பிடித்துச் செலவைத் தாங்கக்கூடிய எவரும் ஆடலாம். ஓகஸ்டில் மூன்றரை வாரமளவில் நடக்கும். நகைச்சுவையாளருக்கு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான்; அடுத்தவர் வாசலில் நிற்பார்.

அதற்காக மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். சிறிய அறைகளில் (மதுக்கடை மாடிகளும் அவற்றுள் அடங்கும், அதை நான் சிபாரிசு செய்யவில்லை) குறைந்த கட்டணத்துக்கு, 'இது இன்னும் முடியவில்லை' என்று அறிவித்துவிட்டு, குறிப்புத்தாளோடு முன்பின் தெரியாதவர் முன் நிற்பர். ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்பர். சிரிப்பெழாத வரி, எழுதியவருக்கு எத்தனை உவப்பானதாயினும் வெட்டப்படும். ஒரு மௌனம் அரை விநாடி நீளும். இறுதியில் அப்போதுதான் தோன்றிப் பேசுவதுபோலிருக்கும். அந்த இயல்பும் தேய்த்தெடுத்ததே. 'வாய்க்கு வந்தது' என்பவர்கள் ஏமாந்தது இங்கேதான்.

எமது நிலை என்ன? கவிதைத் தொகுதி அச்சகம் போகுமுன்பே முதற்பிரதி பெறுபவர் தீர்மானமாகிவிடுகிறார். அணிந்துரை, வாழ்த்துரை, பொன்னாடை. அதை அந்நியர் பத்துப்பேர் முன் வாசித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? கொட்டாவியைவிட நேர்மையான விமர்சகர் உண்டா? தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பாடமாக்கவைக்கிறோமே, அது ஒத்திகையல்ல, ஒப்புவித்தல்.

இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ரொமேஷ் ரங்கநாதன் இங்கிலாந்தில் கணித ஆசிரியராயிருந்தவர். 2013இல் எடின்பரோவின் சிறந்த புதுமுக நகைச்சுவையாளர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஷாஸியா மிர்ஸாவும் முன்னாள் ஆசிரியையே. விஞ்ஞானம் கற்பித்தவர், முஸ்லிம் பெண். 2015இல் லண்டன் பாடசாலை மாணவியர் மூவர் ஐ.எஸ். இயக்கத்தை நாடிச் சிரியா சென்றபோது, அதையே பொருளாக்கி ஒரு முழு நிகழ்ச்சி அமைத்தார்.

2019 ஏப்ரலுக்குப் பின் ஊரெல்லாம் எம்மைப் பற்றிப் பேசியது. நாம் கண்டன அறிக்கை விட்டோம், கவிதையில் அழுதோம். எம்மை நோக்கி நாமே சிரிக்கும் ஒரு மணித்தியாலத்தை எழுதினோமா? மார்க்கத்தைக் கேலிசெய்யச் சொல்வதாகத் திரிக்கவேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகசபைத் தெரிவில் நடக்கும் கூத்து மார்க்கமா? சீதன ஒழிப்புக் கூட்டத்தில் முழங்கிவிட்டு, மகனுக்கு வளவும் வீடும் கேட்பது மார்க்கமா? முல்லா நஸ்ருத்தீன் கதை கேட்டு வளர்ந்த சமூகம், தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க ஏன் இவ்வளவு அஞ்சுகிறது?

இலக்கிய வட்டங்கள் மாதமொரு மாலையை முடிவுறாத எழுத்துக்கென ஒதுக்கட்டும். தலைமையுரை வேண்டாம். இருபது கதிரை, ஒரு மேசை, சிவப்புப் பேனை. எழுதியவரின் மச்சான்மாரை மட்டும் உள்ளே விடக்கூடாது.