முயல் வலையும் வேர்ச்சொல் வேட்டையும்

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். சில வருஷத்துக்கு முன்னாடி "கிரேக்க லினோன் நம்ம நூல்தான்"னு ஒரு பதிவு போட்டேன். லினோன்னா கிரேக்கத்துல நூல்னும் அர்த்தம், வலைன்னும் அர்த்தம். 'நூல்'ல இருக்கற நகரத்தையும் லகரத்தையும் இடம் மாத்திப் போடுங்க, லினோன் வந்துடுச்சு, பாத்தீங்களான்னு பெருமையா எழுதியிருந்தேன். பாராட்டுப் பின்னூட்டங்கள் குவிஞ்சுது. தலைகால் புரியலை எனக்கு.

ஒருத்தர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். "அந்தச் சொல்லுக்கு அவங்க ஊர்ல முதல் அர்த்தம் என்னங்க?" நச்சுன்னு ஒரு பதில் போடலாம்னு தேடப் போனேன். ரெண்டு நாள் கழிச்சு சத்தம் போடாம பதிவையே தூக்கிட்டேன். தூக்கினது தப்பு. "இது தப்பு"ன்னு மேல எழுதி, அப்படியே விட்டிருக்கணும். அதுக்குப் பரிகாரம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

லினோனுக்கு முதல் அர்த்தம் நூலும் இல்லை, வலையும் இல்லை. அது ஒரு செடி. நாம ஆளிவிதைன்னு வாங்குறோமே, அந்தச் செடி. அதன் தண்டுல இருந்து நார் எடுத்து, நூலாக்கி, வலை பின்னினாங்க. செடியின் பேர் நூலுக்கு ஆச்சு, நூலின் பேர் வலைக்கு ஆச்சு. லத்தீன்ல லினும், லிதுவேனியத்துல லினாஸ், பழைய ஐரிஷ்ல லீன், எல்லாமே இந்தச் செடிதான். கிரேக்கத்துலயே கி.மு. 1200 வாக்குல பைலோஸ் அரண்மனையின் களிமண் பலகை ஒண்ணுல, எந்தெந்த ஊர் எவ்வளவு ஆளி நார் பாக்கின்னு கணக்கு எழுதி வச்சிருக்கான். அதுல இந்தச் சொல் 'ரி-நோ'ன்னு இருக்கு (அந்த எழுத்து முறையில ரகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே குறிதான்). மைக்கேல் வென்ட்ரிஸ் 1952ல அந்த எழுத்தைப் படிச்சதால இது நமக்குத் தெரியுது. வரி பாக்கிக் கணக்குல செடியா நிக்கற சொல்லை, நான் எழுத்தைக் கலைச்சுப் போட்டு நூலாக்கியிருக்கேன். என்னத்த சொல்ல!

அப்படியே மத்த வேட்டை வலைச் சொற்களையும் பாத்துடலாம்னு உக்காந்தேன். அங்கதான் சுவாரஸ்யமே.

சாக்ரடீஸின் சீடர் செனஃபோன் பேர்ல வேட்டை பத்தி ஒரு சின்ன நூல் இருக்கு (அவர் எழுதினதுதானான்னு சிலருக்குச் சந்தேகம் உண்டு). அதுல முயல் பிடிக்க மூணு வகை வலை சொல்றார். ஆர்குஸ், எனோடியா, டிக்டியா. ஆர்குஸ் 9 இழை, எனோடியா 12 இழை, டிக்டியா 16 இழை. நார் ஃபாசிஸ் ஊருதா இருக்கணும், இல்லேன்னா கார்த்தேஜ் ஊருது. அதாவது இன்னிக்கு ஜார்ஜியா, துனிசியா இருக்கற பக்கம். காட்டுப்பன்றிக்குன்னா 45 இழை. வலைக்குக் காவல் நிக்கறவனுக்கும் தகுதி எழுதி வச்சிருக்கார்: வேலையில ஆசை இருக்கணும், கிரேக்கம் பேசணும், வயசு 20 வாக்குல. இன்னிக்கு வேலைவாய்ப்பு விளம்பரம் மாதிரியே இல்லை?

இதுல ஆர்குஸ் நம்ம சுருக்குப்பை மாதிரி. முயல் உள்ள பாய்ஞ்சதும் ஓரத்துக் கயிறு இழுபட்டு வாய் மூடிக்கும். அந்தப் பை மாதிரியான பகுதிக்குப் பேர் கெக்ருஃபலோஸ். பெண்கள் கொண்டைக்குப் போடற வலைக்கும் அதே பேர்தான். எனோடியாவுக்கு விளக்கமே வேண்டாம். 'ஹொடோஸ்'னா வழி, எனோடியா வழியில கட்டற வலை. டிக்டியா நீளமானது, 10, 20, 30 பாகம் வரைக்கும் போகும்.

டிக்டியோன் (இது ஒருமை) எங்கிருந்து வந்தது? எறிதல்னு பொருள்படற 'டிகெய்ன்' என்ற வினையில இருந்துன்னு பொதுவா ஒத்துக்கறாங்க. நம்ம டிஸ்க்குக்கு மூலமான டிஸ்கோஸும் அதே வினைதான். ஆனா செனஃபோன் சொல்ற டிக்டியோனை யாரும் எறியறதில்லை, முளைக்கம்புல கட்டி நிறுத்தறாங்க. ஹோமரின் ஒடிஸியில இதே சொல் மீன் வலையைக் குறிக்குது. எனக்குத் தோணுறது: கடல்ல வீசின வலையோட பேர் அப்புறம் காட்டுக்கு வந்திருக்கணும். சொல் பழைய வேலையை மறக்கலை, ஆள்தான் மறந்துட்டான்.

ஆர்குஸுக்கு? சிலந்தியைக் குறிக்கற அரக்னேயோட சிலர் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்காங்க, ஆனா யாரும் சத்தியம் பண்ணத் தயாரா இல்லை. மூலம் தெளிவில்லைங்கறதுதான் நேர்மையான பதில். 'தெரியாது'ன்னு அச்சடிக்கற தைரியம் இருக்கற அகராதி மேல எனக்கு இப்பல்லாம் தனி மரியாதை.

சரி, ஓசையை வச்சு மூலம் சொல்றது நம்ம ஊர் வியாதி மட்டும்தானா? அதான் இல்லை. அவங்களும் சளைச்சவங்க இல்லை.

கிரீட் தீவுல டிக்டின்னான்னு ஒரு பெண் தெய்வம். மன்னன் மினோஸ் துரத்த, அவள் மலையில இருந்து கடல்ல குதிச்சாளாம். மீனவர் வலையில விழுந்து பிழைச்சாளாம். டிக்டியோன்ல விழுந்ததால டிக்டின்னா. கவிஞர் கல்லிமாக்கஸ் சொன்ன கதை இது. குதிச்ச மலை டிக்டே. பின்னாடி வந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ வந்து மானத்தை வாங்கிட்டார்: ஐயா, டிக்டே மலை தீவின் கிழக்கால, டிக்டின்னா கோவில் மேற்கால, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் தெரியுமான்னு. ஒரு வரைபடம் ஒரு அழகான கதையைக் காலி பண்ணிடுச்சு.

ரோமுக்கு வாங்க. அங்க ரேத்தேன்னா பொதுவா வலை, கஸ்ஸேஸ்னா வேட்டை வலை, ப்லகான்னா பெரிய மிருகத்துக்குக் கட்டறது. கூமே ஊர் நார்ல பின்னின வலை காட்டுப்பன்றி மயிரையே அறுத்துடும்னு பிளினி எழுதறார். ஓரக் கயிறோட சேர்த்து ஒரு மோதிரத்துக்குள்ள நுழைச்சு எடுக்கற அளவு மெல்லிசான வலையைப் பார்த்திருக்காராம். அதுல ஒவ்வொரு இழையும் 150 புரி!

செவில் நகரத்து பிஷப் இசிதோர் (இறப்பு 636), 20 புத்தகமா சொல்மூலக் களஞ்சியம் எழுதினவர். ரேத்தே எதுல இருந்து வந்ததுன்னா, மீனைப் 'பிடிச்சு வைக்கறதால' வந்திருக்கலாம், இல்லேன்னா அதைக் கட்டற 'கயிறு'ல இருந்து வந்திருக்கலாம்னு ரெண்டு சாய்ஸ் தர்றார். லத்தீன்ல ரெண்டுமே 'ரெ'ல ஆரம்பிக்கும், அவ்ளோதான் ஆதாரம். அடுத்தது இன்னும் ஜோர். 'இன்கஸ்ஸும்'னா லத்தீன்ல 'வீணா'ன்னு அர்த்தம். ஏன்னா, கஸ்ஸேஸ் வலை இல்லாம வேட்டைக்குப் போனா வீண்தானே! படிச்சதும் எழுந்து நின்னு கைதட்டணும் போல இருந்துச்சு. ஆனா தப்பு. அது வெறுமைன்னு பொருள்படற 'கஸ்ஸுஸ்' என்ற வேற சொல். வலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

ப்லகா கதை நமக்கு ரொம்ப வேண்டியது. குறில் அகரத்தோட ப்லகான்னா வலை, நிலப்பரப்புன்னும் அர்த்தம். நெடிலோட ப்லாகான்னா அடி, காயம். ஆங்கில பிளேக் நெடில்காரன் வம்சம். எழுத்துல ரெண்டும் ஒண்ணு, பிறப்புல ரெண்டும் வேற. பல்லுக்கும் பாலுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச நமக்கு இதை யாரும் சொல்லித் தரணுமா? ஆனா வேர்ச்சொல் ஜுரம் வந்துட்டா குறிலாவது நெடிலாவது, எல்லாம் மறந்துடும். எனக்கு மறந்துச்சே.

இப்ப ஒரு எதிர்க்கேள்வி வரும். "அந்தக் காலத்து வர்ரோ சொன்னது சில சமயம் சரியா இருக்கே?" உண்மைதான். இசிதோருக்கு 600 வருஷம் முந்தின ரோமானிய அறிஞர் வர்ரோ, ரேத்தே என்பது 'இடைவெளி விட்டிருக்கறது'ங்கற சொல்லோட தொடர்புடையதுன்னார். 1959ல வந்த போகோர்னியின் அகராதியும் ரேத்தேயையும் அந்த லத்தீன் சொல்லையும் லிதுவேனியத்துல சல்லடைக்கு இருக்கற 'ரேதிஸ்' என்ற சொல்லையும் ஒரே வேர்ல வைக்குது. அதுவும் முடிந்த முடிவில்லை, ஆனா வர்ரோ வீசினது இலக்குக்குப் பக்கத்துல விழுந்திருக்கலாம். சரி, இருட்டுல எறிஞ்ச கல் மாங்காயில பட்டா, அடுத்த கல்லும் படும்னு அர்த்தமா? விடை சரியா இருக்கறது வேற, வழி சரியா இருக்கறது வேற. போகோர்னிகிட்ட பக்கத்து மொழிச் சொற்களை அடுக்கிப் பார்க்க ஒரு முறை இருந்துச்சு. வர்ரோகிட்ட காது மட்டும்தான் இருந்துச்சு.

இதுக்கெல்லாம் ஏன்யா இவ்வளவு மல்லுக்கட்டறேன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு.

நம்ம பக்கத்துல உண்மையான கேஸ் இருக்கு. கிரேக்கத்துல இஞ்சிக்கு ஜிங்கிபெரிஸ்னு பேர். அது பாலி மொழியின் சிங்கிவேர மாதிரியான வடிவத்துல இருந்து போனது, அதுக்குள்ள இருக்கறது நம்ம 'இஞ்சி'யோட உறவுள்ள திராவிடச் சொல்னு மொழியியலாளர்கள் எழுதியிருக்காங்க. ஏன் நம்பறோம்? சரக்கு இங்கிருந்து போச்சு. நடுவுல இருக்கற வடிவம் கையில இருக்கு. எந்தப் பக்கம் நகர்ந்ததுன்னு தெரியுது. வேட்டை வலைக்கு இதுல எது இருக்கு? நார் ஜார்ஜியாவுல இருந்தும் துனிசியாவுல இருந்தும் வருது, பின்னறவன் அங்கேயே இருக்கான், முயலும் அந்த ஊர் முயல். மதுரையில இருந்து சொல் மட்டும் தனியா கப்பலேறிப் போச்சா?

நாம 'லினோன்தான் நூல்'னு நூறு பதிவு போட்டா, 101ஆவதா யாராவது இஞ்சி பத்தி நியாயமா எழுதறப்ப, "இவங்க இப்படித்தான் எல்லாத்தையும் தங்களோடதும்பாங்க"ன்னு அதையும் சேர்த்துத் தள்ளிடுவான். நம்ம மொழி மேல இருக்கற ஆசையாலதான் இதைச் செய்யறோம், சந்தேகமே இல்லை. ஆனா நஷ்டம் அந்த மொழிக்குத்தான். கள்ள நோட்டு ஜாஸ்தியான ஊர்ல நல்ல நோட்டையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுத்தான் வாங்குவான்.

"மேல்நாட்டு அகராதிக்காரன் சொன்னா மட்டும் வேதவாக்கா?"ன்னு சண்டைக்கு வருவீங்க. இல்லவே இல்லை. கஸ்ஸேஸுக்கு அவங்க சொல்றதும் ஊகம்தான் (சங்கிலிக்கான கதேனாவோட சேர்க்கறாங்க சிலர்). ஆனா ஊகம்னு சொல்லிட்டுச் செய்யறாங்க. நாமும் அப்படிச் செஞ்சா போதும். நான் இப்பல்லாம் ஒரு சொல்லைப் பார்த்தா மூணு கேள்வி கேட்டுக்கறேன். பழைய வடிவம் என்ன? பழைய அர்த்தம் என்ன? அந்தப் பொருள் யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சு? மூணுக்கும் பதில் இல்லேன்னா பதிவு டிராஃப்ட்லயே தூங்கும். என்னோட டிராஃப்ட்ல இப்ப நல்ல கூட்டம், ஹிஹி.

கடைசியா ஒண்ணு. பிளேட்டோ தன்னோட 'சட்டங்கள்' நூல்ல, வலையும் கண்ணியும் வச்சுட்டுக் காத்திருக்கற வேட்டையை மதிக்கலை. நாயோட, குதிரையோட, சொந்தக் காலால துரத்திப் பிடிக்கறதுதான் உசத்தின்னார். சொல் வேட்டையும் அப்படித்தான். ஓசைங்கற வலையை விரிச்சு வச்சா எல்லா மொழியில இருந்தும் ஏதாவது வந்து விழத்தான் செய்யும். ஆய்வுமுறைக்கு நாம சொல்ற மெத்தட் இருக்கே, அதுக்குள்ளயும் எனோடியாவுல பார்த்த அதே ஹொடோஸ்தான் இருக்கு. வழியைப் பின்தொடர்ந்து போறது. ஆங்கிலத்துல துப்புத் துலக்கறதுக்கு இருக்கற இன்வெஸ்டிகேட், லத்தீன்ல காலடித்தடத்தைக் குறிக்கற வெஸ்டிகியும்ல இருந்து வந்தது.

அன்னிக்கு அந்த ஒத்தைக் கேள்வி கேட்ட நண்பர் இதைப் படிச்சா, தாமதமா ஒரு நன்றி. முதல் அர்த்தம் செடிங்க.

மத்தவங்க, இதுல எங்கயாவது நானே வலையில விழுந்திருந்தா பின்னூட்டத்துல போட்டுத் தாக்குங்க. இந்தத் தடவை பதிவைத் தூக்க மாட்டேன்.